சீட்டு கிடைத்த பிறகு

காவிரிப் படுகையின் வயல்களுக்கும் கடலுக்கும் இடையே 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட ஊர் காரைக்கால். நடுவில் சிலமுறை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பினாலும், 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு மண்தான். அந்தச் சரித்திரத்தால் இவ்வூர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க இரண்டு வழிகள் உண்டாயின. ஒரு வழியில் நுழைவது எளிது. ஓராண்டு கழித்து உள்ளே நிலைப்பதுதான் பாடு. இன்னொன்றில் நுழைவதே பெரும்பாடு. நுழைந்துவிட்டால் இனிக் கவலையில்லை என்று ஊரே நம்பிவிடும். அந்த நம்பிக்கை எத்தனையோ நல்ல மாணவர்களை முதலாமாண்டிலேயே இடறவைத்திருக்கிறது.

பழைய வழியை முதலில் பார்க்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு நடத்திய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் மூலம். தன் தொடக்கம் 1823 என்று ஜிப்மர் சொல்லிக்கொள்கிறது. காலனியில் வைத்தியம் பார்க்க அங்கே படித்தால் போதும். பிரான்சிலேயே தொழில் செய்ய வேண்டுமென்றால் கதை வேறு. அங்கே இரண்டாந்தர மருத்துவர் என்றொரு வகுப்பு நெடுங்காலம் இருந்தது. 1892-ல் வந்த சட்டம் அதை ஒழித்து, முழுப் பட்டம் பெற்றவரே மருத்துவர் என்றாக்கியது. மறு ஆண்டே இன்னொரு ஏற்பாடு வந்தது. பள்ளியிறுதித் தேர்வான பக்கலொரேயாவில் தேறியவர் நேரே மருத்துவ வகுப்பில் போய் உட்கார முடியாது. இயற்பியல், வேதியியல், இயற்கை அறிவியல் மூன்றையும் ஓராண்டு படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பள்ளியில் எடுத்த மதிப்பெண் அந்த ஓராண்டின் வாசல் வரைக்கும்தான் செல்லும்.

1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு சட்டப்படி முழுமையானபோது, எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை மக்களுக்குத் தரப்பட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் டாக்டராக நினைத்தால் 1971-ல் பிரான்ஸ் கொண்டுவந்த எண்ணிக்கை வரம்பைச் சந்திக்க வேண்டியிருந்தது. பள்ளியிறுதியில் தேறிய யாரும் முதலாமாண்டில் சேரலாம். ஆண்டு முடிவில் போட்டித் தேர்வு. அரசு குறித்த இடங்களுக்குள் வருபவர்கள் மட்டுமே இரண்டாமாண்டுக்குப் போவார்கள். வகுப்பில் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதுதான். 2020-ல் அந்த முறை மாறியது. ஆனாலும் முதலாமாண்டே வடிகட்டும் ஆண்டு என்பது மாறவில்லை. மருத்துவத்தை முதன்மையாக எடுத்தவர்கள் அந்த ஆண்டைத் திரும்பப் படிக்கும் வாய்ப்பும் அத்துடன் போயிற்று. கொடுமையான முறைதான். ஆனால் சேர்ந்துவிட்டோம், இனி இளைப்பாறலாம் என்ற நினைப்புக்கு அதில் துளியும் இடமில்லை.

இந்திய வழி இதற்கு நேர்மாறு. 1956-ல் பழைய பள்ளியின் இடத்தில் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964 ஜூலை 13-ல் அது ஜிப்மர் ஆனது. தனக்கென்று நுழைவுத் தேர்வு வைத்திருந்த ஜிப்மர் 2019 வரை அதை விடவில்லை. மற்றக் கல்லூரிகளைக் குறிவைத்தவர்களுக்கு வாசலின் இடம் திரும்பத் திரும்ப மாறியது. காரைக்கால் பள்ளிகளில் அப்போது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்ததால், அந்தப் பக்கம் எடுத்த முடிவுகள் இந்தப் பக்கத்து வீடுகளிலும் பேச்சாயின. தமிழ்நாட்டில் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300. கட்-ஆஃப் என்ற சொல் வீட்டுச் சொல்லானது அந்தக் காலத்தில்தான். கால் மதிப்பெண், அரை மதிப்பெண் வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் ஊரும் கல்லூரியும் மாறிப்போகும்.

2007-ல் நுழைவுத் தேர்வு போய் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாமும் ஆயிற்று. புதுச்சேரி அரசின் சென்டாக் கலந்தாய்வும் பிளஸ் டூ மதிப்பெண்ணையே பார்த்தது. அதில் காரைக்காலுக்கென 18 சதவீத இடம் உண்டு. பத்தாண்டு கழித்து, 2017-ல் நீட் என்ற பொது நுழைவுத் தேர்வு இரு பக்கமும் கட்டாயமானபோது அதே மதிப்பெண் ஒரே கோடையில் மதிப்பிழந்தது. அரியலூர் மாணவி அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்திருந்தார். மருத்துவ இடம் கிடைக்கவில்லை. அவர் இறந்த அந்த செப்டம்பரைத் தமிழர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விதியை நம்பி உழைத்த பிள்ளையின் காலுக்குக் கீழேயிருந்து விதியை உருவியது அநியாயம் என்பதில் இதை எழுதுபவருக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இத்தனை போராட்டமும் வாசலுக்காகவே நடந்ததால், வாசலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பேச ஆளில்லாமல் போயிற்று.

எம்.பி.பி.எஸ். முதலாமாண்டில் மூன்று பாடங்கள்: அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. பார்த்தால் மூன்றுதான். ஆனால் பிளஸ் டூவில் ஒரு பாடநூலை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்து பழகியவருக்கு, கை ஒன்றுக்கே நூறு பக்கம் நீளும் அனாட்டமி புத்தகம் வேறு உலகம். நீட்டுக்கு நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கப் பழகியவருக்கோ, பக்கம் பக்கமாக விடை எழுதுவதும் படம் வரைவதும் மறந்தே போயிருக்கும். மேசைமேல் வரிசையாக வைத்த எலும்பையும் உறுப்பையும் மணியடிப்பதற்குள் அடையாளம் சொல்ல வேண்டிய ஸ்பாட்டர்ஸ் தேர்வு, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் வைவா, இடையிடையே இன்டர்னல். பள்ளியில் முதலிடம் தவறாத பிள்ளை வாழ்க்கையில் முதன்முறையாகத் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். வீட்டுக்குச் சொல்ல வாய் வராது.

முன்பு அந்தத் தோல்விக்கு இன்னொரு தண்டனையும் சேர்ந்தே வந்தது. முதலாமாண்டில் தவறியவர் இரண்டாமாண்டுக்குப் போக முடியாது. ஆறு மாதம் கழித்து மறுதேர்வு எழுதித் தேறினாலும், உடன் சேர்ந்தவர்கள் வார்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் தனி பேட்ச். விடுதியிலும் வகுப்பிலும் அந்தப் பெயர் கடைசி ஆண்டு வரை விடாது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள் இதை மாற்றின. தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் துணைத் தேர்வு. தேறினால் பழைய நண்பர்களோடே தொடரலாம். தனி பேட்ச் கிடையாது. மறுபக்கம் கண்டிப்பும் இருக்கிறது. முதலாமாண்டுத் தேர்வை நான்கு முறைதான் எழுதலாம். சேர்ந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் படிப்பை முடித்தாக வேண்டும். வகுப்பு வருகை 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம். நாலு முறை தவறினால், எத்தனை பாடுபட்டு வாங்கிய சீட்டானாலும் கையை விட்டுப் போகும்.

முதலாமாண்டின் இந்தப் பாடு காரைக்காலுக்கு இன்று உள்ளூர்ச் செய்தி. ஊரில் தனியார் மருத்துவக் கல்லூரி 1990-களிலேயே வந்துவிட்டது. 2016-ல் 50 இடங்களோடு ஜிப்மரின் கிளையும் தொடங்கியது. அதற்கு முன் ஜிப்மர் என்றால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் பல மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். 2021 பிப்ரவரியில் 491 கோடி ரூபாய் மதிப்பீட்டில் காரைக்கால் வளாகத்தின் முதல் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கும்போது, முதலாமாண்டில் தடுமாறும் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

அந்தத் தேவை இனி கூடத்தான் செய்யும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுச்சேரி அரசின் மருத்துவ இடங்களில் 10 சதவீத உள்ஒதுக்கீடு 2023-ல் கிடைத்தது. அதே கல்வியாண்டில் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. அந்தப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ எழுதிய முதல் அணி 2025-ல் வெளியே வந்தது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைகள் அவர்களில் பலர். எம்.பி.பி.எஸ்.ஸுக்கான 2019 பாடத்திட்டம் முதலாமாண்டின் தொடக்கத்தில் அறிமுக வகுப்புகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மொழிப் பயிற்சி, கணினி, முதலுதவி எல்லாம் அதில் உண்டு. வடக்கிலிருந்து வந்த மாணவர் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க அங்கே கற்கிறார். திருநள்ளாற்றிலிருந்தோ நெடுங்காட்டிலிருந்தோ வந்த மாணவிக்கும், ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விடை எழுதும் பயிற்சியை அந்த நாள்களிலேயே தொடங்கிவிடலாம்.