பிர்கிட்டா: பெயரும் புனிதரும்



நாம் பிரிஜித்தா என்னும் பெயரைச் சுவீடன் மக்கள் பிர்கிட்டா என்பர். இதன் வேர் அயர்லாந்தில் உள்ளது. 'உயர்ந்தவள்' என்பது பொருள். கில்டேர் நகர்ப் புனித பிரிஜித்தாவின் மீதிருந்த பக்தியால் இப்பெயர் வடநாடுகளுக்குச் சென்று, பிர்கிட், பிரிட்டா, பெரிட் எனவும் வழங்கலாயிற்று.

1303-இல் பிறந்த சுவீடன் நாட்டுப் புனித பிர்கிட்டா எட்டுப் பிள்ளைகளின் தாய். 1344-இல் கணவர் இறந்தபின் மீட்பரின் துறவற சபையை நிறுவினார். 1373-இல் உரோமையில் இறந்தார். 1391-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1999-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இவரை ஐரோப்பாவின் பாதுகாவலியருள் ஒருவராக அறிவித்தார்.

16-ஆம் நூற்றாண்டில் சுவீடன் லூத்தரன் சபையைத் தழுவியபின் அங்கே புனிதர் வணக்கம் மங்கியது. பெயரோ நிலைத்தது, 20-ஆம் நூற்றாண்டிலும் எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு அதையே இட்டார்கள்.

கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் திருமுழுக்கில் இடாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனிக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 855). நாமோ பல நேரங்களில் ஓசையழகை மட்டுமே தேடுகிறோம். புனிதரின் பெயரை இட்டாலும் அவரது வாழ்வைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் பெயர் மட்டுமே மிஞ்சும்.

சூலை 23 புனித பிர்கிட்டாவின் திருநாள். அன்றாவது நம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அவர்கள் தாங்கியிருக்கும் பெயருக்குரிய புனிதரை அறிமுகம் செய்வோம்.