தோடர் பாடல்களும் அவற்றின் ஆவணமும்

நீலகிரி மேட்டுநிலத்தில் மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழும் தோடர்களின் மொழிக்கு எழுத்து வழக்கு இல்லாததால், அவர்களது பாடல்கள் பாடுவோரின் நினைவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தன. கனடாவில் பிறந்த மொழியியலாளர் மரே எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்து, அவற்றை ஒலிக்குறிகளால் எழுத்தில் வடித்தார். அத்தொகுப்பு 1971இல்தான் ஆக்ஸ்போர்டில் நூலாக வெளிவந்தது. இறந்தவரையோ எருமையையோ இடத்தையோ பாடும்போது, மரபாக வந்த சொற்றொடர்களை இணை இணையாக அடுக்கி அந்த நேரத்திலேயே பாட்டைக் கட்டுவது தோடர் முறை. ஓர் அடி சொல்லப்பட்டதுமே அதன் இணையடி இன்னதென்று மரபறிந்தோர் உணர்வர். இத்தகைய கலையில் அச்சுநூல் சொல்லைக் காக்குமே தவிர, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காக்காது என்பதால் ஒலிப்பதிவு இன்றியமையாதது. 1982இல் தொடங்கப்பட்டு குருகிராமில் இயங்கும் இசை ஆவண மையம், ஆய்வாளர்கள் இந்தியாவில் பதிவுசெய்து வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்ற ஒலிப்பதிவுகளின் படிகளை இந்நாட்டிலேயே சேர்த்துவைப்பதைத் தன் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அந்த நோக்கம் தலைநகரின் அருகே நின்றுவிடலாகாது. நீலகிரிப் பழங்குடிகளின் பாடல் பதிவு எங்கிருந்தாலும், அதன் படி பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கும்படி மந்துகளுக்கே வந்துசேர வேண்டும்.