கடித்துத் தின்னும் கிண்ணம்

ஐஸ்கிரீம் கூம்பு 1904இல் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில் தற்செயலாகப் பிறந்தது என்ற கதை பரவலாக வழங்குகிறது. உண்மையில் கூம்பின் வேர்கள் அதைவிடப் பழையவை. அதன் அடிப்படைச் செய்முறை அந்தக் கண்காட்சிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஐரோப்பாவில் வழக்கில் இருந்தது.

இடைக்கால ஐரோப்பாவில், நீண்ட கைப்பிடி கொண்ட இரட்டை இரும்புத் தகடுகளுக்கிடையே மாவுக் கரைசலை ஊற்றி, நெருப்பில் காட்டி மெல்லிய வேஃபர்களைச் சுட்டார்கள். தகடுகளின் உட்புறத்தில் செதுக்கியிருந்த பூக்களும் குலச்சின்னங்களும் பண்டத்தின் மேல் பதிந்தன. பாரிஸில் இவற்றைச் சுட்டு விற்றவர்களின் தொழிற்குழுவுக்கு 1270இலேயே விதிமுறைகள் இருந்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இளம் மனைவி ஒருத்திக்கு இல்லறம் கற்பிக்க எழுதப்பட்ட ‘லெ மெனாஜியே த பாரி’ என்ற பிரெஞ்சு நூலிலும் வேஃபர் செய்முறைகள் உள்ளன.

தட்டையாகச் சுட்ட பண்டம் கிண்ணமாக மாறுவதற்குக் காரணம் சர்க்கரை. சூட்டில் சர்க்கரை இளகியிருக்கும்வரை வேஃபர் வெற்றிலை போல வளைந்து கொடுக்கும். ஆறத் தொடங்கியதும் இறுகி, பிடித்த வடிவத்திலேயே நின்றுவிடும். இடையில் கிடைப்பவை சில நொடிகளே. நார்வே வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ‘க்ரும்காக்கே’ இந்தக் கைத்திறனைக் காத்துவருகிறது. இரும்பிலிருந்து எடுத்த சூட்டோடு, மரக்கூம்பில் சுற்றி அதை உருவாக்குகிறார்கள்.

கூம்புக்குள் ஐஸ்கிரீம் வைக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூல்கள் பதிவு செய்தன. அவற்றுள் முக்கியமானது, லண்டனில் சமையல் பள்ளி நடத்திய ஆக்னஸ் மார்ஷல் 1888இல் வெளியிட்ட நூல். பாதாம், மாவு, சர்க்கரை, முட்டை சேர்த்துச் சுட்ட மெல்லிய தகட்டைக் கூம்பு வடிவத் தகர அச்சில் சுற்றி, கிரீம் அல்லது ஐஸ் நிரப்பிப் பரிமாறும் முறையை அவர் விளக்கினார். ஐஸ்கிரீம் அச்சுகளையும், தாம் காப்புரிமை பெற்ற கைச்சுழற்சி ஐஸ்கிரீம் கருவியையும் அவர் விற்றார்.

விருந்து மேசையில் இருந்த கூம்பு தெருவுக்கு வருவதற்குச் சுகாதாரம் ஒரு முக்கியக் காரணம். லண்டன் தெருக்களில் ‘பென்னி லிக்’ எனப்பட்ட சிறு கண்ணாடிக் குவளைகளில் ஐஸ்கிரீம் விற்றார்கள். ஒருவர் நக்கித் தின்று கொடுத்த குவளையைச் சரியாகக் கழுவாமலே அடுத்தவருக்கு நிரப்பினார்கள். காசநோய் பரவும் என்ற அச்சத்தால் 1899இல் அங்கு இக்குவளைகள் தடை செய்யப்பட்டன. கழுவத் தேவையில்லாத, உடையும் நட்டமும் இல்லாத கிண்ணம் வணிகர்களுக்கு வேண்டியிருந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த அன்டோனியோ வல்வோனா, பிஸ்கட் கிண்ணம் சுடும் கருவிக்கு 1902இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் ஐஸ்கிரீம் விற்ற இத்தாலியக் குடியேறி இட்டாலோ மார்கியோனி, ஒரே நேரத்தில் பல கிண்ணங்களை வார்க்கும் அச்சுக்கு 1903இல் காப்புரிமை பெற்றார்.

1904இல் செயின்ட் லூயிஸில் நடந்த உலகக் கண்காட்சி கூம்பை மக்கள் பண்டமாக்கியது. அங்கே ‘ஜலாபியா’ என்ற வேஃபரை விற்ற சிரியக் குடியேறி எர்னஸ்ட் ஹம்வி, பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் தீர்ந்தபோது வேஃபரைச் சுருட்டிக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஏப் டூமார் உள்ளிட்ட வேறு சிலரும் அந்தப் பெருமைக்கு உரிமை கோரினர். போர்ட்லாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் புரூக்மன் 1912இல் கூம்பு சுருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதும், கையால் சுருட்டும் வேலை இயந்திரத்துக்கு மாறியது.

இன்றைய கூம்புகள் இரு வகை. நீர்த்த கரைசலை அச்சில் ஊற்றிச் சுடும், அடி தட்டையான கிண்ணக் கூம்பு ஒன்று. சர்க்கரை மிகுந்த வேஃபரைச் சூடாகச் சுருட்டிய கூம்பு மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவான குறை ஈரம் பட்டதும் நமுத்துப்போவது. நேப்பிள்ஸில் இயங்கிய ஸ்பிகா நிறுவனம் கூம்பின் உட்புறத்தில் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலந்து பூசி 1959இல் இதற்குத் தீர்வு கண்டது. ‘கார்னெட்டோ’ என்ற கூம்பு ஐஸ்கிரீம் அப்படி வந்ததே. வீட்டில் கூம்பு செய்பவர்கள், நன்றாக ஆறிய பிறகு உள்ளே உருக்கிய சாக்லேட்டைத் தடவி உலரவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.