பாலம் கட்டியவர்கள் செய்த கப்பல்

ஆயர் தாவார் என்றால் உப்புக் கலவாத தண்ணீர். அங்கிருந்து சித்தியவானைத் தாண்டி லுமுட் போனால் கடல். அரச மலேசியக் கடற்படையின் பெரிய தளம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கடற்படையிடம் நல்ல தண்ணீரில் பிறந்த போர்க்கப்பல் ஒன்று இருந்தது என்பது சுற்றுவட்டாரத்தில் பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கலாம்.

1940-இல் டன்கர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பியபோது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டாங்கிகளும் லோரிகளும் கரையிலேயே நின்றுவிட்டன. துறைமுகம் இல்லாத இடத்திலும் டாங்கியை இறக்கும் கப்பல் தேவை என்பதை அந்தத் தோல்வி உணர்த்தியது. அதற்கான முதல் வரைபடத்தை 1941 நவம்பரில் அமெரிக்கரான ஜான் நீடர்மேயர் போட்டார்.

நடுக்கடலில் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் அமிழ்ந்து நிலையாக ஓடும். கரை நெருங்கும்போது நீரை வெளியேற்றினால் உயரும். பின்பக்க நங்கூரத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு, முகப்பை மணலில் ஏற்றுவார்கள். முன்கதவுகள் திறந்து சாய்தளம் இறங்கும். வேலை முடிந்ததும் நங்கூர வடத்தைச் சுருட்டி, கப்பல் தன்னைத்தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். 'பெரிய, மெதுவான குறி' என்று மாலுமிகளே கிண்டலடித்தார்கள்.

கரை ஒத்துழைக்காவிட்டால் எந்தக் கப்பலும் உதவாது. 1945 செப்டம்பர் 9-இல் நம் மோரிப் கடற்கரையில் இந்தியப் படைப்பிரிவுகள் இறங்கியபோது வாகனங்கள் சேற்றில் புதைந்தன. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் பிழைத்தார்கள்.

இத்தகைய கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. கடலோரப் பட்டறைகளில் இடம் போதவில்லை. எல்.எஸ்.டி. 838-ஐக் கட்டியது பென்சில்வேனியாவில், ஒகையோ ஆற்றங்கரையில் இருந்த அமெரிக்கன் பிரிட்ஜ் கம்பெனி. பாலம் கட்டுவதே அவர்கள் தொழில். 1944-இல் முடிந்த கப்பல், ஆறுகள் வழியாகவே கடலுக்கு வந்து, 1945-இல் ஓக்கினாவா போரைக் கண்டது. 1946-இல் ஓய்வு.

1966-இல் அதைத் திரும்ப எழுப்பி வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அப்போது அதன் பெயர் ஹன்டர்டன் கவுண்டி. மீகோங் ஆற்றுப் பகுதியில் ரோந்துப் படகுகளுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் அதுதான் கூடு. ஆற்றில் அசையாமல் நிற்கும் கூட்டை எதிரி குறிவைக்கமாட்டானா? 1968-இல் ராக்கெட் தாக்குதலுக்கு ஆளானது, மாலுமிகள் மாண்டார்கள்.

1971 ஜூலையில் அது மலேசியாவிடம் வந்து கே.டி. ஸ்ரீ லங்காவி ஆனது. 1974-இல் நாம் விலைக்கே வாங்கினோம். பழைய கப்பல் ஏன் என்று கேட்கலாம். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் நடுவே தென்சீனக் கடல் கிடக்கிறது. ராணுவ வாகனங்கள் அதைக் கடந்தாக வேண்டும். 1976-இல் ஸ்ரீ பாங்கி, ராஜா ஜாரோம் என்று இன்னும் இரண்டு போர்க்காலக் கப்பல்கள் சேர்ந்தன.

இவற்றின் வழியில் வந்த ஸ்ரீ இந்திராபுரா, 1990-களில் அமெரிக்காவிடம் வாங்கியது. 2009 அக்டோபர் 8-ஆம் தேதி லுமுட் தளத்திலேயே அது தீப்பிடித்து எரிந்தது. மறு ஆண்டு சேவையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு மாற்று வாங்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் பேச்சாகவே இழுத்தது.