கையாலை: மண்ணைத் தடுத்து நிறுத்தும் வேலை யாருடையது?

திருவனந்தபுரத்தின் குடிநீர் வரலாற்றை 1933-இல் தொடங்குவது வழக்கம். கரமனை ஆற்றின் அருவிக்கரையில் வில்லிங்டன் நீர்வழங்கல் நிலையம் திறக்கப்பட்ட ஆண்டு அது. அணை, குழாய், வடிகட்டி, பிறகு 1983-இல் பேப்பாறை அணை என்று அந்த வரலாறு வளர்கிறது. அது பொறியாளர்களின் வரலாறு. ஆற்றுக்கு வந்து சேரும் முன்பே நீருக்கு ஒரு வரலாறு உண்டு. அது மேட்டு நிலத்தில் பயிரிட்டவர்களின் வரலாறு. இரண்டையும் ஒன்றாக வாசிக்கும் முயற்சியே இப்பதிவு.

ஆரியசாலையில் வாழ்வோருக்கு இது தொலைவான செய்தி அன்று. கிள்ளியாறு நெடுமங்காடு வட்டத்துப் பனவூர்ப் பகுதிக் குன்றுகளில் தோன்றி, நகருக்குள் இறங்கி, கிள்ளிப்பாலத்தைக் கடந்து கரமனை ஆற்றில் கலக்கிறது. ஆரியசாலைச் சந்திப்பிலிருந்து கிள்ளிப்பாலம் நடைதூரமே. பெருமழை நாளில் அங்கே ஆறு செந்நிறமாக ஓடும். இன்று அந்த நீரில் நகரக் கழிவும் கட்டுமான மண்ணும் கலந்திருக்கின்றன. ஆயினும் அதன் சிவப்பு பெரும்பாலும் வெட்டுக்கல் நிலத்தின் மேல்மண். அங்காடிப்புரத்தில் புக்கானன் கண்டு, 1807-இல் வெளியான தம் நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்ட அதே வகை நிலம். அதன் மேல்மண் மெல்லிய போர்வை போன்றது. அது போய்விட்டால் கீழே இருப்பது வெயில் பட்டு இறுகும் கல்.

இந்த நிலத்தை மக்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சொற்களே முதற்சான்று. தென் திருவிதாங்கூரில் மேட்டுப் புன்செய்க்கு ‘விளை’ என்று பெயர். ‘விளைதல்’ என்னும் வினையோடு உறவுடைய இச்சொல் மலையாளத்தில் ‘விள’ என வழங்குகிறது. திருவனந்தபுரத்தின் பனவிளை, கடலோரத்துப் புல்லுவிளை, எல்லையிலுள்ள களியக்காவிளை ஆகிய ஊர்ப்பெயர்களில் அது இன்றும் நிற்கிறது. இரு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நெல்வயல் தொகுதி ‘ஏலா’. விளையின் சரிவில் குறுக்காகக் கல்லாலோ மண்ணாலோ எழுப்பப்படும் தாழ்ந்த சுவர் ‘கையாலை’. கன்னியாகுமரி மாவட்டத் தமிழிலும் தென்கேரள மலையாளத்திலும் இம்மூன்று சொற்களும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்பட்டது. சொற்கள் அந்த எல்லையை ஏற்கவில்லை. ‘கையாலை’ என்பதைக் ‘கையால் கட்டியது’ என்று பிரித்து மகிழ்வது எளிது. ஒலி ஒற்றுமை சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதால் அந்த ஆசையை ஒதுக்கிவைக்கிறேன்.

இச்சொற்களை மேலிருந்து கீழாக அடுக்கினால் ஒரு நீரியல் அமைப்பு தெரிகிறது. விளையில் விழும் மழையைக் கையாலை மறிக்கிறது. ஓட்டம் தளர்கிறது, மண் சுவரின் மேற்புறத்தில் படிகிறது, நீர் நிலத்துள் இறங்குகிறது. மீறி வரும் வண்டலை ஏலாவின் வரப்புகள் தேக்கிக்கொள்கின்றன. வயலுக்கு அது உரம். அதற்குப் பிறகே நீர் தோட்டுக்கும் ஆற்றுக்கும் செல்கிறது. ஆற்றைக் காப்பதற்கென்று எவரும் இதைத் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. தன் மண் தன் நிலத்தில் தங்க வேண்டும் என்று உழவர் விரும்பினார். கீழே இருந்தவர்களுக்குத் தெளிந்த நீர் கிடைத்தது.

இந்த அமைப்பு தளர்ந்த கதையில் மரச்சீனிக்கு முக்கிய இடம் உண்டு. மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு, கப்பை என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும் இத்தென்னமெரிக்கப் பயிர், போர்ச்சுகீசியர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அதை ஏழைகளின் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட, தாவரவியலில் நாட்டம் கொண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. அதற்கு முன்பே, 1865-இன் பட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்துக் குத்தகையாளர்களுக்கு உடைமை உரிமை வழங்கி, மேட்டு நிலத்தில் உழைப்பையும் பணத்தையும் இடும் துணிவைத் தந்திருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி இறக்குமதி நின்றது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பசியில் தவித்தது. பலரின் உயிரைக் காத்தது மரச்சீனி. உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தின் பெயரால் காட்டு நிலங்களும் பயிருக்குத் திறக்கப்பட்டன. 1970-களின் நடுவில் கேரளத்தில் இப்பயிரின் பரப்பு 3 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்தது.

பசியைத் தீர்த்த அந்தப் பயிர் சரிந்த நிலத்தில் மண்ணை ஏன் இழக்கச் செய்கிறது? காரணம் கிழங்கின் இயல்பைக் காட்டிலும் அதன் நாட்காட்டியில் இருக்கிறது. நிலத்தைக் கொத்திப் புரட்டி, மண்ணைக் குவியல் குவியலாகக் கூட்டி, தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்பு தண்டுகளை நடுவார்கள். இலைகள் விரிந்து நிலத்தை மூட ஏறத்தாழ 3 மாதம் ஆகும். மண் மிகவும் இளகியும் திறந்தும் கிடக்கும் அந்த வாரங்களில்தான் ஜூன் மழை வந்து விழுகிறது. அறுவடையிலும் நிலம் மீண்டும் தோண்டப்படுகிறது. ஓடும் நீரோடு முதலில் போவது நுண்ணிய களியும் மட்கும். பாஸ்பரசும் பூச்சிக்கொல்லி எச்சங்களும் பெரும்பாலும் அந்த நுண்துகள்களிலேயே ஒட்டிச் செல்கின்றன. உழவருக்கு அது வளத்தின் இழப்பு. நீர்வழங்கல் நிலையத்துக்குக் கலங்கல், கூடுதல் படிகாரம், நீர்த்தேக்கத்தில் வண்டல். வண்டல் படிந்து அருவிக்கரையின் கொள்ளளவு வெகுவாகக் குறைந்திருப்பது இந்நகரம் நன்கறிந்த சிக்கல்.

மாற்று வழிகள் அறியப்படாதவை அல்ல. ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், மரச்சீனிக்கு நடுவே நிலக்கடலை, தட்டைப்பயறு போன்றவற்றை ஊடுபயிராக இடும் முறைகளை வகுத்தது. தொடக்க மாதங்களில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணை அவை மூடுகின்றன, தழைச்சத்தும் சேர்க்கின்றன. சமமட்ட வரப்பு, சரிவுக்குக் குறுக்கே புல்வரிசை, சருகு மூடாக்கு ஆகியவற்றின் பயனும் தெளிவாகத் தெரிந்ததே. அப்படியானால் அறிவு இருந்தும் மண் ஏன் போயிற்று?

மரச்சீனிச் சரிவையும் ரப்பர்ச் சரிவையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கிறது. பல இடங்களில் அண்டை நிலங்கள் அவை. ஒரே மழை, ஒரே மண். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ரப்பர் வாரியம் மறுநடவு மானியம் தந்தது. சரிவில் படித்தளம் வெட்டவும் மூடுபயிர்க் கொடி வளர்க்கவும் தோட்டக்காரருக்கு முதலும் காத்திருக்கக் காலமும் இருந்தன. 10 சென்ட் நிலத்திலோ ஓராண்டுக் குத்தகையிலோ மரச்சீனி நட்டவருக்கு இரண்டும் இல்லை. அடுத்த ஆண்டு தன்னுடையதாக இராத நிலத்தில் யார் கையாலை கட்டுவார்? மண்ணரிப்பை அறியாமையின் விளைவு என்று எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

பழைய அமைப்பைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் பிழையே. ஏலாக்களின் வரப்பும் மடையும் நூற்றாண்டுகளாக நிலைத்தது வெறும் மரபறிவால் அன்று. வயலோடு பிணைக்கப்பட்ட புலையர் முதலிய மக்களின் கட்டாய உழைப்பு அதன் அடியில் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு 1855-இல்தான் வந்தது. அதன் பிறகும் உழைத்தவர் கைக்கு நிலம் வரவில்லை. மரபு வேளாண்மையின் சூழலியல் நன்மைகளைப் பட்டியலிடும் ஆய்வுகள், அந்த நன்மைக்கு யார் முதுகு வளைந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

இதற்கிடையே கீழ்நிலத் தடுப்பும் சுருங்கிவிட்டது. 1974–75-இல் 8.8 லட்சம் ஹெக்டேர் அளவில் இருந்த கேரளத்தின் நெற்பரப்பு இப்போது 2 லட்சம் அளவில் நிற்கிறது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் வந்தபோது பல ஏலாக்கள் ஏற்கெனவே மேடாகியிருந்தன. மேலே கையாலை இல்லை, கீழே ஏலா இல்லை என்றால் இடையில் மண்ணை நிறுத்த எதுவும் இல்லை.

ஆகவே அண்மைக் காலத்தில் என் கவனத்தை ஈர்ப்பது ஒரு சிறு மாற்றம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த வேலை உறுதித் திட்டத்தில், பெரும்பாலும் பெண்கள், கூலி பெற்றுக் கல் கையாலை கட்டினார்கள், மழைக்குழி தோண்டினார்கள், தோட்டுக் கரைகளில் தென்னைநார் விரிப்புப் போர்த்தினார்கள். அவற்றின் தரமும் பராமரிப்பும் விவாதத்துக்கு உரியவை. ஆனால் மேட்டில் மண்ணைத் தடுப்பது பொதுப்பணி, அதற்குப் பொதுப்பணத்திலிருந்து கூலி தரலாம் என்ற கருத்து இவ்வளவு பரவலாக நடைமுறைக்கு வந்தது இந்நிலத்தின் வரலாற்றில் புதிது. குழாயைத் திறப்பவர் நகரத்தவர்; சுவர் கட்டுபவர் மலையடிவாரத்தவர். நீர்க்கட்டணத்தில் வடிகட்டியின் செலவு இருக்கிறது. கையாலையின் செலவு இல்லை. அதைச் சேர்ப்பது எவ்வாறு என்பதே ஆற்று நீரின் தூய்மை குறித்து நாம் பேச வேண்டிய அடுத்த கேள்வி என்று கருதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். சரிவில் மண்ணை மறிக்கும் சுவருக்கும், அதன் மேற்புறத்தில் சேரும் மண்ணுக்கும் உங்கள் ஊரில் தனிச்சொற்கள் இருந்தால் ஊர்ப்பெயரோடு இங்கே பதியுங்கள். கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு வட்டத்தார் எழுதினால் பெரிதும் பயன்படும். கட்டுபவர்கள் குறையும்போது அந்த வேலைக்கான சொற்களும் வழக்கிழந்துவிடும். அவற்றைத் தொகுக்க இன்னும் காலம் இருக்கிறது.