நாலு மாச வேலை, நாற்பது வருஷப் பேரேடு

இங்கே பெர்த்தில் உள்ள நம்மவர்களில் பலருக்கு பில்பரா என்றால் இரும்புத்தாது ஞாபகம் வரும். அதே பில்பராவில் விட்டனூம் என்று ஒரு ஊர் இருந்தது. 2007-இல் அதன் பெயரையே அரசு அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022-இல் ஊரை மூடத் தனிச்சட்டமே போட்டார்கள். காரணம் நீல ஆஸ்பெஸ்டாஸ்.

சி.எஸ்.ஆர். என்ற சர்க்கரைக் கம்பெனியின் கிளை நிறுவனம் அங்கே 1943 முதல் 1966 வரை சுரங்கம் நடத்தியது. எரிக் செயின்ட் என்ற டாக்டர் 1948-லேயே தூசியைப் பார்த்துவிட்டு, இங்கே நுரையீரல் நோய் குவியப்போகிறது என்று எழுதி எச்சரித்தார். கேட்பார் இல்லை. 1962-இல் ஜிம் மக்னல்ட்டி என்ற டாக்டர், அங்கே வேலை பார்த்த ஒருவருக்கு மீசோதீலியோமா என்ற நெஞ்சுறைப் புற்றுநோய் வந்ததை மருத்துவ இதழில் எழுதினார்.

இனிதான் என்னைப்போல் பி.காம். படித்தவனுக்குப் பிடித்த பகுதி. கம்பெனியின் வேலைப் பதிவுகளை எடுத்து, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 6,900 பேரின் பெயர்ப்பட்டியலைத் தயார் செய்தார்கள். வாக்காளர் பட்டியல், மரணப் பதிவேடு என்று எல்லாவற்றோடும் ஒத்துப் பார்த்து, ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். வங்கியில் நாங்கள் செய்யும் ரிகன்சிலியேஷன் மாதிரியேதான். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே டேலி ஆக வேண்டியது மனுஷ உயிர்.

அந்த ஆண்களில் பாதிப்பேர் அங்கே இருந்தது சுமார் நாலு மாசம்தான். ஆனால் இந்த நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். அதற்குள் ஆள் நாலு ஊர், நாலு முதலாளி மாறியிருப்பார். நெஞ்சுவலி என்று போனால் டாக்டர் அந்தப் பழைய நாலு மாசத்தைப் பற்றிக் கேட்கவா போகிறார்? பேரேட்டில் பெயர் இருந்தால்தான் நோய்க்கும் வேலைக்கும் முடிச்சுப் போட முடியும்.

அந்தத் தொழிலாளிகளில் பலர் நம்மைப்போலவே பிழைக்க வந்தவர்கள். போருக்குப் பிறகு இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறியவர்கள். ஊர் திரும்பிய இத்தாலியர்களை ஆய்வாளர்கள் இத்தாலிவரை தேடிப்போக வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஜார்க்கண்டில் சாய்பாசா அருகே ரோரோ மலையில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் இருந்தது. 1983-இல் மூடினார்கள். கழிவை மலைச்சரிவிலேயே விட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரி 27 அன்று உச்சநீதிமன்றம் அருமையான ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை முதலாளி வைத்திருக்க வேண்டும். நோயின் வேகம் தெரிந்து போட்ட கணக்கு. ஆனால் முன்பே மூடிப்போன சுரங்கத்தின் பேரேட்டை யார் எழுதுவது? அதைக் கேட்டுப் போக அங்கே முதலாளியும் இல்லை, ஆபீசும் இல்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஆட்களுக்கு இது எதற்கு என்கிறீர்களா? 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீடு இந்த மாநிலத்தில், வேலை களியக்காவிளை தாண்டி, பெயர் ஒரு காகிதத்தில் தமிழ் உச்சரிப்பில், இன்னொன்றில் மலையாள உச்சரிப்பில். அதற்கு மேல் வெளிநாட்டு வேலை வேறு. இப்படிப்பட்ட ஆள்தான் எந்தப் பதிவேட்டிலிருந்தும் முதலில் நழுவுவார். ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியோடு ஆஸ்பெஸ்டாஸ் முழுக்கத் தடை. இந்தியாவிலோ வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இன்றும் இறக்குமதியாகிறது, கூரை ஷீட்டாகிறது.

அதனால் அடுத்த லீவுக்குப் போகும்போது அப்பாவிடம், சித்தப்பாவிடம் கேளுங்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர், எத்தனை மாசம், ஷீட் அறுத்தார்களா, பழைய கட்டிடம் இடித்தார்களா, கப்பல் பட்டறையில் நின்றார்களா... ஒரு நோட்டில் எழுதுங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நெஞ்சு டாக்டரிடம் போனால் அந்த நோட்டையும் கொண்டு போங்கள். வீட்டில் பழைய ஷீட் இருந்தால் பதற வேண்டாம், ஆனால் அதை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

சர்க்காரும் கம்பெனியும் எழுத வேண்டிய பேரேடுதான் இது. அவர்கள் எழுதும்வரை நம் வீட்டுப் பக்கத்தையாவது நாம் எழுதி வைப்போம்.