கைத்திறனும் கருவித்துணையும்

1996-ஆம் ஆண்டில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘குவேக்’ என்னும் துப்பாக்கி விளையாட்டை வெளியிட்ட காலத்தில், கீபோர்டின் விசைகளைக் கொண்டே திரும்பவும் குறிபார்க்கவும் பழகியிருந்தவர்கள் பலர். மவுஸால் பார்வையைத் திருப்பும் வித்தையை இடைவிடாத அப்யாசத்தால் வசமாக்கிக்கொண்ட டெனிஸ் ஃபாங் என்ற இளைஞர், 1997-இல் நடந்த போட்டியில் வென்று, அவ்விளையாட்டைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார். மவுஸின் வேகத்தைத் தன் கைக்கேற்பக் கூட்டுவதும் குறைப்பதும் ஆடுகிறவனின் உரிமை என்பதில் அன்று ஒருவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

எதிரி நிற்குமிடத்தை அறிந்து, குறியைத் தானே கொண்டுபோய் அங்கே நிறுத்தும் ‘ஏய்ம்பாட்’ மென்பொருள்கள் பரவியபோதுதான் சட்டமும் தண்டனையும் அவசியமாயின. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ விளையாட்டுக்காக வால்வ் நிறுவனம் 2002-இல் ஏற்படுத்திய ‘வேக்’ என்னும் காவல்முறை விதிக்கும் தடை பொதுவாக ஆயுட்காலத் தடையாகும். அத்தனை கடுமையான தண்டனையை ஓர் இயந்திரத்தின் தீர்ப்புக்கு விடுவதில் உள்ள அபாயம் 2010-இல் வெளிப்பட்டது. குற்றமற்ற சுமார் 12,000 பேர் தடைக்கு உள்ளானார்கள்; பின்னர் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார். 2023-இல் ஏஎம்டி நிறுவனம், மவுஸ் அசைவுக்கும் திரைக்காட்சிக்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைப்பதற்கென்று வெளியிட்ட ‘ஆன்ட்டி-லேக் பிளஸ்’, விளையாட்டின் உள்நிரலில் கைவைத்ததால், அதைச் சூதறியாமல் இயக்கியவர்களும் ஏமாற்றுக்காரர்களோடு சேர்த்தே விலக்கப்பட்டார்கள். நிரபராதி ஒருவன் தன் தோழர்கள் முன்னிலையில் வஞ்சகன் என்று பெயர் வாங்குவது, விளையாட்டுதானே என்று தள்ளிவிடக்கூடிய துன்பமன்று.

இவற்றைவிட நுட்பமான விவகாரம் 2024-இல் எழுந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். ஆகையால், ஓடும் திசைக்குரிய விசையை விட்டு எதிர்த்திசை விசையைத் தட்டி, நின்ற அந்தக் கணத்தில் சுடவேண்டும். நுண்ணிய தாளக்கட்டுப்பாடுடைய இக்காரியத்தைப் பழக மாதங்கள் போதாதென்பர். சிலவரிக் கட்டளைகளை எழுதிவைத்து அதைச் சுலபமாக்கிக்கொண்டவர்களை வால்வ் நெடுங்காலம் பொறுத்துவந்தது. ரேசர் முதலிய நிறுவனங்கள், இரண்டு விசைகள் ஒருங்கே அழுந்தினாலும் கடைசியில் அழுந்தியதையே ஏற்கும் கீபோர்டுகளைக் கொண்டுவந்தபின், அவ்வாண்டு ஆகஸ்டில் இவ்விரு வழிகளையும் சேர்த்தே வால்வ் தன் சர்வர்களில் விலக்கியது. கை செய்யவேண்டியதைக் கைதான் செய்யவேண்டும் என்ற அந்த முடிவு நியாயமானதென்றே நான் கருதுகிறேன். அதற்கு விதித்த தண்டனையின் நிதானமோ அதனினும் மெச்சத்தக்கது: மீறியவர் அந்த ஆட்டத்திலிருந்து மாத்திரம் வெளியேற்றப்படுவார், அவ்வசதியை அணைத்துவிட்டால், அதே கீபோர்டோடு மறுபடியும் ஆட வரலாம்.